விழுப்புரம்–தஞ்சாவூர் மெயின் லைனுக்கு இரண்டாவது பாதை: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், திருச்சி கோட்ட மேலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போய்ச் சேரும் 193 கிலோமீட்டர் ரயில் பாதை இன்றும் ஒற்றைப் பாதையாகவே இருக்கிறது. சென்னையிலிருந்து விழுப்புரம் வரை இரட்டைப் பாதை. தஞ்சாவூரிலிருந்து திருச்சி வரை இரட்டைப் பாதை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், திருச்சி, மதுரை வழியாகத் தெற்கே குமரி வரைக்கும் இரட்டைப் பாதை வந்துவிட்டது. டெல்டாவின் நடுமுதுகாக ஓடும் இந்தப் பகுதி மட்டும் விடுபட்டு நிற்கிறது. இதை இரட்டைப் பாதையாக்கும் வேலையைத் தேதி குறித்துத் தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். 'ஆய்வு நடக்கிறது' என்ற பதிலை ஆண்டுக்கணக்கில் கேட்டுவிட்டோம். அந்தப் பதில் இனி போதாது.

கோரிக்கைக்கு முன்னால் இந்தப் பாதை யார் போட்டது, எதற்காகப் போட்டது என்பதைச் சொல்ல அனுமதியுங்கள். உங்கள் அலுவலக அலமாரிகளில் இதெல்லாம் கோப்புகளாக இருக்கும். ஆனாலும் திட்டங்களை வரிசைப்படுத்தும்போது யாரும் அந்தக் கோப்புகளைத் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

தமிழகத்தின் தென்பகுதிக்கு ரயில் சென்னையிலிருந்து வரவில்லை, நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி 1861இல் நாகை துறைமுகத்திலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்கும், 1862இல் அங்கிருந்து திருச்சிக்கும் பாதை போட்டது. அது அகலப் பாதை என்பதைக் கேட்டால் இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். 1874இல் அந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவானது. அதையொட்டி அந்த அகலப் பாதை மீட்டர் கேஜாகக் குறுக்கப்பட்டது. 1870களின் பிற்பகுதியில்தான் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), கும்பகோணம் என்று கடலோரத்தை ஒட்டி இறங்கி வந்த பாதை தஞ்சையில் பழைய பாதையுடன் சேர்ந்தது. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய அதே ஆண்டுகள் அவை. நெல் விளையும் ஊர்களையும் நெல் கிடைக்காத ஊர்களையும் இணைக்க ரயில் எவ்வளவு அவசியம் என்பதை அரசாங்கம் அந்தப் பஞ்சத்தில் கற்றுக்கொண்டது. 1880இல் வந்த பஞ்ச விசாரணைக் குழுவின் அறிக்கையும் ரயில் பாதைகளையே பெரிதும் வலியுறுத்தியது.

அப்போது திருச்சிக்கும் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் சென்னையிலிருந்து நேராகப் போக இருந்த பாதை இதுதான். கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் போட் மெயில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போனார்கள். இந்தியாவையும் இலங்கையையும் சேர்த்த பயணம் மாயவரத்தையும் கும்பகோணத்தையும் தொட்டுக்கொண்டு நடந்தது.

1897இல் விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பி, கொழும்பு வழியாகப் பாம்பனில் இறங்கிச் சென்னைக்குப் போனபோதும் இதே பாதைதான். மதுரையில் ரயிலேறி வந்தவரைக் காண நள்ளிரவிலும் விடியலிலும் நிலையங்களில் கூட்டம் திரண்டது. கும்பகோணத்தில் மூன்று நாள் தங்கினார், பேசினார். சென்னைக்குச் சற்று முன்னால் ரயில் நிற்காத ஒரு சிறு நிலையத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டும் நிலைய அதிகாரி மறுத்துவிட, மக்கள் தண்டவாளத்திலேயே படுத்துவிட்டார்கள். வண்டியின் கார்டு ரயிலை நிறுத்தினார். விவேகானந்தர் வெளியே வந்து கைகூப்பிச் சில வார்த்தை பேசிவிட்டுப் போனார்.

அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். அன்றைய தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலத்தின் மேல் தனி வரி விதித்து, அந்தப் பணத்தை முதலாக வைத்து மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894இல் ரயில் பாதை திறந்தது. பிறகு அது அறந்தாங்கி வரை நீண்டது. இந்தியாவில் ஜில்லா போர்டு ஒன்று ரயில் பாதை போட்டதற்கு அது முன்னோடி. மாயவரம்–தரங்கம்பாடி கிளையும் ஜில்லா போர்டின் முயற்சியில் 1926இல் வந்தது. நெல் விற்ற காசில் ரயில்வேக்கு வரி கட்டியவர்களின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் நாங்கள். யாரோ கொடுத்த சலுகையை நீட்டிக்கச் சொல்லி நாங்கள் வாசலில் நிற்கவில்லை. எங்கள் முன்னோர் கைக்காசு போட்டு வளர்த்த பாதையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிறோம்.

1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு கார்டு லைன் என்ற குறுக்குப் பாதை வந்தது. எழும்பூரிலிருந்து திருச்சிக்கு மெயின் லைனில் சுமார் 400 கிலோமீட்டர், கார்டு லைனில் 337 கிலோமீட்டர். தெற்கே போகும் வண்டிகள் குறுக்கு வழியில் போனதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மதுரைக்காரரும் நெல்லைக்காரரும் அறுபது கிலோமீட்டர் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், தொலைதூர வண்டிகள் அந்தப் பக்கம் போனபோது நிர்வாகத்தின் கவனமும் சேர்ந்து போய்விட்டது என்பதே வருத்தம். அதன்பிறகு ஒவ்வொரு மேம்பாடும் முதலில் கார்டு லைனுக்கும், மீதமிருந்தால் மெயின் லைனுக்கும் என்றாகிவிட்டது.

அகலப் பாதை மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்–திருச்சி 1998இல் மாறியது. பிறகு தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், அங்கிருந்து மயிலாடுதுறை என்று துண்டு துண்டாக வந்தது. விழுப்புரம்–மயிலாடுதுறை 122 கிலோமீட்டருக்காக ரயிலை நிறுத்தியபோது, மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் ரயிலே இல்லை. 2010இல் மீண்டும் வண்டி வந்த நாளில் நிலையங்களில் மக்கள் எஞ்சினுக்கு மாலை போட்டார்கள். அத்தனை ஆண்டு பாதையை மூடி, தண்டவாளம் முழுவதையும் பெயர்த்துப் போட்ட நேரத்தில், இரண்டாவது பாதைக்கான மண் வேலையையாவது சேர்த்துச் செய்திருக்கலாம். அந்த வாய்ப்பு கைநழுவியது. இப்போது மின்மயமாக்கலும் முடிந்துவிட்டது, மின்சார எஞ்சின் ஓடுகிறது. ஆனால் எதிரே வண்டி வந்தால் அந்த எஞ்சினும் நின்றுதான் ஆக வேண்டும்.

அந்த நிற்றல் எப்படி இருக்கும் என்பதை உயர் அதிகாரிகள் ஆய்வு ரயிலில் வரும்போது பார்த்திருக்க வாய்ப்பில்லை, உங்களுக்காகப் பாதை முன்கூட்டியே காலி செய்யப்பட்டிருக்கும். அதனால் சொல்கிறேன். காலை நேரப் பாசஞ்சர் ஒன்று ஆடுதுறைக்குள் நுழைகிறது என்று வையுங்கள். ஆடுதுறை 45 நெல்லைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த அதே ஆடுதுறை. பாயின்ட் மாறி, பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குலுங்கி, வழிவிட்டு நிற்பதற்கான பக்கப் பாதையான லூப் லைனுக்குள் ஒதுங்குகின்றன. வண்டி நிற்கிறது. கல்லூரி மாணவர்கள் முதலில் இறங்குகிறார்கள். பிறகு பூக்கூடை வைத்திருக்கும் அம்மா எழுந்து நின்று, பூ வாடாமல் இருக்க ஈரத்துணியைத் திரும்ப நனைத்துப் போர்த்துகிறார். மருத்துவமனைக்குப் போகும் பெரியவர் சீட்டையும் எக்ஸ்ரே கவரையும் மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். எதிர்த்திசை வண்டி அடுத்த நிலையத்தை விட்டுப் புறப்பட்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கால் மணி நேரம் போகிறது. எதிர் வண்டி மெயினில் வேகமாகக் கடந்து போகிறது, பச்சைக்கொடி மடங்குகிறது. ஸ்டார்ட்டர் சிக்னல் விழுந்து எங்கள் வண்டி நகர்கிறது. குத்தாலத்தில் இன்னொரு முறை. மயிலாடுதுறை அவுட்டரில் பிளாட்பாரம் காலியில்லாமல் மேலும் ஒரு முறை. எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்தால் அதற்கு வழிவிட்டுப் பாசஞ்சர் தாமதமாகும். பாசஞ்சர் தாமதமானால் அதற்காகக் காத்திருக்கும் எதிர் வண்டியும் தாமதமாகும். சென்னைப் பக்கம் ஒரு வண்டிக்கு ஏற்பட்ட அரை மணி நேரத் தாமதத்துக்கு சீர்காழியிலும் பாபநாசத்திலும் இருப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

நிலைய அதிகாரிகள் மீதோ, ஓட்டுநர்கள் மீதோ எனக்குக் குறையே கிடையாது. ஒற்றைப் பாதையில் ஒரு பிளாக் செக்‌ஷனுக்குள், அதாவது அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்குள், ஒரே ஒரு வண்டி என்ற விதி உயிரைக் காக்கும் விதி. மீட்டர் கேஜ் காலத்தில் அந்த விதி ஓர் இரும்புப் பந்தாக நம் கண்ணெதிரே இருந்தது. பிரம்பு வளையத்தில் கட்டிய தோல் பைக்குள் அந்தப் பந்து, அதாவது வண்டி போக அனுமதி தரும் டோக்கன், இருக்கும். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது எஞ்சினிலிருந்து ஒருவர் கையை நீட்டிப் பழைய வளையத்தைப் பிளாட்பாரத்தில் வீசிவிட்டு, பாயின்ட்ஸ்மேன் உயர்த்திப் பிடித்த புது வளையத்தைத் தோளில் வாங்கிக்கொள்வார். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் அது நடக்கும். இரண்டு நிலையங்களிலும் உள்ள கருவிகள் சம்மதித்தால் மட்டுமே அந்தப் பந்து வெளியே வரும், கையில் பந்து இல்லாமல் ஓட்டுநர் நகர மாட்டார். இன்று பந்து போய்விட்டது, மின்விளக்கு சிக்னலும் பேனலும் வந்துவிட்டன. ஆனால் கணக்கு மாறவில்லை. ஒரு செக்‌ஷன், ஒரு வண்டி. அதை எத்தனை திறமையாக இயக்கினாலும் ஓரளவுக்கு மேல் வண்டிகளை ஏற்ற முடியாது. கூடவே, தண்டவாளப் பராமரிப்புக்கு இரண்டு மணி நேரம் பாதையை மூடினால் இரு திசையிலும் எல்லாம் நின்றுவிடும். வண்டிகளை ஓட விட்டால் பராமரிப்புக்கு நேரம் கிடைக்காது. ஊழியர்கள் இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டுதான் நாள்தோறும் வேலை செய்கிறார்கள்.

இதற்கிடையில் சுற்றிலும் நீங்கள் நல்ல வேலைகள் செய்திருக்கிறீர்கள், அதையும் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் வந்தது. நீடாமங்கலம்–மன்னார்குடி பாதை 2011இல் உயிர்பெற்று மன்னை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. திருவாரூர்–காரைக்குடி 2019இல் அகலப் பாதையாகத் திறந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் பெயர்த்தெடுத்த பேரளம்–காரைக்கால் பாதை மீண்டும் போடப்பட்டிருக்கிறது. சிதம்பரம் நிலையம் அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025இல் திறக்கப்பட்டது. எல்லாம் சரி. ஆனால் இந்தக் கிளைகளில் வரும் வண்டிகளில் பலவும் சென்னைக்குப் போக மயிலாடுதுறை–விழுப்புரம் ஒற்றைப் பாதைக்குள்தான் நுழைய வேண்டியிருக்கிறது. கிளை வாய்க்கால்களையெல்லாம் தூர்வாரிவிட்டுத் தலைமதகை அரைக்கதவில் வைத்திருப்பது போல இருக்கிறது. அதனால்தான் டெல்டாவுக்குப் புது ரயில் கேட்கும்போதெல்லாம் 'பாதையில் இடமில்லை' என்று பதில் வருகிறது. பகல் ரயில் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது சோழன் எக்ஸ்பிரஸ். இரவில் உழவன், மன்னை, காரைக்கால் என்று வண்டிகள் சில மணி நேர இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அவற்றின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமல்ல, சாதாரண ஞாயிற்றுக்கிழமை இரவிலும் கால் வைக்க இடமிருக்காது.

இந்தப் பாதைக்கு வருமானம் வராது என்று ஒரு வாதம் உண்டு. முதலீட்டுக்கு ஏற்ற வருவாய் விகிதம் கிடைக்காது என்பார்கள். அந்தக் கணக்கை ஏற்க முடியாது. இருக்கும் வண்டிகளையும் இருக்கும் பயணிகளையும் வைத்துப் போடும் கணக்கு அது. வண்டியைக் கூட்ட முடியாத பாதையில் வருமானம் எப்படிக் கூடும்? பயணிகள் இல்லை என்று யாராவது சொன்னால், கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிற்கச் சொல்லுங்கள். சென்னைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பிப் போவதைப் பார்க்கலாம். இந்த மக்கள் நகர்கிறார்கள், அதற்காகவே விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கும், விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கும் நெடுஞ்சாலைகளை நான்கு வழியாக்கும் திட்டங்களை மத்திய அரசு எடுத்திருக்கிறது. ஒரே மண்ணில், ஒரே மக்களுக்கு, ஒரே அரசு சாலையை நான்கு வழியாக்குகிறது, ரயிலுக்கு மட்டும் ஒரு வழி போதும் என்கிறது. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

சரக்குக் கணக்கையும் பாருங்கள். குறுவை அறுவடையானாலும் சம்பா அறுவடையானாலும் கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் குவிகின்றன. 42 வேகன்கள் கொண்ட ஒரு சரக்கு ரயில் 2,000 டன்னுக்கு மேல் நெல்லை ஏற்றிக்கொண்டு வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. அதே நெல் லாரியில் போக வேண்டுமென்றால் நூற்றுக்கு மேற்பட்ட லாரிகள் வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் தாமதம் என்பது தார்ப்பாய்க்குக் கீழே முளைவிட்ட நெல். உழவர்களின் வயிற்றெரிச்சல் பற்றி நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பயணி ரயிலும் நெல் ரயிலும் ஒரே பாதைக்குப் போட்டி போடும் வரை இரண்டுக்கும் நேரம் ஒழுங்காகக் கிடைக்காது.

கார்டு லைனுக்கும் இதில் ஆதாயம் உண்டு. வெள்ளமோ விபத்தோ அந்தப் பாதையை அடைக்கும்போது விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையே கைகொடுக்கும் மாற்று வழி மெயின் லைன்தான். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததை இந்த நாடு மறந்திருக்காது. லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியை விட்டு விலகியது அந்த விபத்தை அடுத்துத்தான். பருவநிலை மாறி மழை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் காலத்தில், தென் மாவட்டங்கள் முழுவதையும் ஒரே பாதையை நம்பி விடுவது சரியான திட்டமிடல் ஆகாது.

இப்போது, எழுதக் கை தயங்கும் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை 8ஆம் தேதி காலை, கடலூருக்கு அருகே செம்மங்குப்பம் கேட்டில் விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ஒரு பள்ளி வேன் மீது மோதியது. மூன்று குழந்தைகள் உயிரிழந்தார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அதாவது, கேட் மூடப்பட்டிருக்கிறதா என்பதை சிக்னல் அறியாது. கேட் கீப்பருக்கும் நிலையத்துக்கும் இடையிலான தொலைபேசிப் பேச்சை மட்டுமே நம்பி வண்டி வருகிறது. இன்டர்லாக்கிங் இருக்கும் கேட்டில், கேட் பூட்டப்படாவிட்டால் வண்டிக்குப் பச்சை சிக்னல் கிடைக்காது. மனிதர் தவறினாலும் இயந்திரம் தடுக்கும். விபத்துக்குப் பிறகு கேட்டுகளில் கேமரா பொருத்தவும், இன்டர்லாக்கிங் செய்ய வேண்டிய கேட்டுகளுக்கான போக்குவரத்து வரம்பைக் குறைக்கவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் அந்த வரம்புக்குக் கீழே நிற்கும் கிராமத்துக் கேட்டுகளின் வழியாகவும் பள்ளி வேன்கள் போகின்றன. எத்தனை வாகனம் கடக்கிறது என்ற எண்ணிக்கையை வைத்து ஒரு கேட்டின் பாதுகாப்பை முடிவு செய்யாதீர்கள். விழுப்புரத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே இன்டர்லாக்கிங் இல்லாத கேட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சுரங்கப்பாதைக்கும் மேம்பாலத்துக்கும் மாநில அரசின் அனுமதியோ நிலமோ தேவைப்பட்டால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாங்களே போய்க் கேட்கிறோம். கோப்பு யார் மேசையில் கிடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் எங்களைக் கையாலாகாதவர்களாக்குகிறது.

அடுத்து வருவது 2028. மாசி மகத்தில் கும்பகோணம் மகாமகம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்த நீராட்டத்துக்கு இந்தியா முழுவதிலிருந்தும் மக்கள் வருவார்கள். 2016இல் வந்த கூட்டத்தை உங்கள் ஊழியர்களும் பார்த்திருக்கிறார்கள். சிறப்பு ரயில்கள் விடுவீர்கள் என்பது தெரியும். ஆனால் அந்தச் சிறப்பு ரயில்கள் எந்தப் பாதையில் ஓடும்? கும்பகோணத்துக்குக் கிழக்கேயும் மேற்கேயும் ஒற்றைப் பாதை. ஒரு வண்டி உள்ளே வந்தால் ஒரு வண்டி வெளியேறும் வரை அடுத்தது நிற்க வேண்டும். பிளாட்பாரத்தில் கூட்டம் தேங்கினால் அதன் ஆபத்து என்ன என்று கூட்ட நெரிசலைப் பலமுறை பார்த்த இந்த நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குள் 193 கிலோமீட்டரையும் இரட்டிப்பாக்குங்கள் என்று கேட்டால் அது நடக்காத காரியம் என்பது எனக்கும் தெரியும். கொள்ளிடம் பாலம் மட்டுமே பெரிய வேலை. வெள்ளாறு, பெண்ணையாறு, கெடிலம், காவிரியின் கிளைகள் என்று ஆறுகளைக் கணக்கிட்டாலே பாலங்கள் வரிசையாக வருகின்றன. நஞ்சை நிலத்தில் கரை எழுப்புவது மேட்டு நிலத்தில் எழுப்புவது போல எளிதல்ல, வடிகால் சரியாக விடாவிட்டால் பக்கத்து வயல்களில் தண்ணீர் தேங்கும். அதனால் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை முதலில் எடுங்கள். நீளம் குறைவு, தஞ்சாவூர்–திருச்சி இரட்டைப் பாதையுடன் நேராக இணைந்துவிடும், மேற்கிலிருந்து வரும் மகாமகக் கூட்டத்தைத் தாங்கும். அது முழுதாக முடியாவிட்டாலும் இடைப்பட்ட நிலையங்களில் கூடுதல் லூப் லைன், நீண்ட பிளாட்பாரம், கும்பகோணத்தில் இன்னொரு நடைமேம்பாலம் ஆகியவற்றை 2028க்குள் முடிக்கலாம். இரண்டாவதாக கும்பகோணம்–மயிலாடுதுறை, அதன்பின் கொள்ளிடத்தைக் கடந்து விழுப்புரம். இந்த வரிசை தவறென்று உங்கள் பொறியாளர்கள் கருதினால் அவர்களின் வரிசையைச் சொல்லட்டும், ஏற்றுக்கொள்கிறோம். ஏதாவது ஒரு வரிசை இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

கோயில்களைப் பற்றிப் பேசாமல் டெல்டா ரயிலைப் பற்றிப் பேச முடியாது, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். சிதம்பரம், வைத்தீஸ்வரன் கோயில், திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம், சுவாமிமலை, திட்டை என்று இந்தப் பாதையின் நிலையப் பெயர்ப் பலகைகளே ஒரு தல யாத்திரை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் இந்தப் பாதையின் ஓரத்தில் இருக்கின்றன. தாராசுரத்துக்கு ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே நிற்கும் வண்டிகளின் நேரத்தை நம்பி ஒரு வெளியூர்க் குடும்பம் கோயில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? காலையிலிருந்து மாலை வரை மணிக்கு ஒரு மின்சாரத் தொடர் வண்டி மயிலாடுதுறைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஓடினால் யாத்ரீகரும் மாணவரும் நெசவாளரும் ஒரே வண்டியில் போவார்கள். மின்கம்பி ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு தண்டவாளம் வேண்டும்.

தரங்கம்பாடிப் பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980களில் மூடப்பட்ட அந்த முப்பது கிலோமீட்டர் பாதையின் தடம் இன்னும் பல இடங்களில் அடையாளம் தெரிகிறது. ரயில்வே நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காப்பாற்றி வையுங்கள். மயிலாடுதுறை இப்போது தனி மாவட்டத் தலைநகரம். தரங்கம்பாடி அந்த மாவட்டத்தின் கடற்கரை. மெயின் லைன் இரட்டையான பிறகு அந்தக் கிளை மீண்டும் தேவைப்படும், அன்று நிலம் இல்லை என்ற பதில் வரக் கூடாது.

நான் கேட்பது மூன்று அறிவிப்புகள். விழுப்புரம்–தஞ்சாவூர் இரட்டைப் பாதைக்கான விரிவான திட்ட அறிக்கை எந்த நிலையில் இருக்கிறது, எந்த மாதத்தில் ரயில்வே வாரியத்தின் முன் வைக்கப்படும் என்பது ஒன்று. தஞ்சாவூர்–கும்பகோணம் பகுதியில் 2028 மகாமகத்துக்கு முன் முடியப்போகும் வேலைகள் எவை என்பது இன்னொன்று. இந்தப் பாதையில் இன்டர்லாக்கிங் இல்லாமல் மீதமிருக்கும் கேட்டுகளின் பெயர்ப் பட்டியலும் ஒவ்வொன்றுக்குமான இறுதித் தேதியும் மூன்றாவது. இவற்றைத் தமிழில் அச்சிட்டு கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் நிலையங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அவர்கள் அவையில் கேட்க வேண்டிய கேள்வி எது என்று அவர்களுக்கும் தெரியட்டும். பிறகு மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ ஒரு நாள் பயணிகளைச் சந்தியுங்கள். வேலை நாளாக இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தினமும் ரயிலில் போய்வருகிறவர்களும் வர முடியும். கூட்டத்துக்கான தேதியை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மெயின் லைன் பயணி,
கும்பகோணம்.